தொப்புளில் ஊறிய நல்ல தண்ணீர்

அன்றைக்கு அந்த வீட்டில் இருந்தவர்கள் இவர்கள்: பிள்ளை பெற்றுப் பதினோராவது நாளில் இருந்த இசக்கித்தாய், அவள் நீட்டிய கால்களின் மேல் எண்ணெய் பூசிக் கிடந்த, இன்னும் பெயர் வைக்காத பெண்குழந்தை, தாயின் பக்கமும் பார்க்காமல் தெருவின் பக்கமும் பார்க்காமல் கதவு நிலையில் சாய்ந்து நின்ற அவள் புருஷன் லிங்கதுரை, தொங்கு தராசோடு வந்திருந்த கிராமச் செவிலியர் ரோஸ்லின், லிங்கதுரை மூன்று நாளாக ஏன் வேலைக்கு வரவில்லை என்று சத்தம் போட வந்த உப்பளத்துக் கங்காணி தவசிக்கனி, பக்கத்து வீட்டிலிருந்து வெந்நீர் கொண்டுவந்து வைத்துவிட்டு எப்படி வெளியே போவதென்று தெரியாமல் சுவரோரம் நின்ற நான். ஆக ஆறு பேர். ஒரு கோழியும் இருந்தது, அதைச் சேர்க்கவில்லை. முப்பத்தாறு வருஷம் உப்பு மூட்டை எண்ணுகிற வேலை பார்த்தவன் நான், எண்ணிக்கையில் தவறு இருக்காது. மற்றதில் இருக்கலாம்.

பிள்ளையின் கொடி எட்டாம் நாளே காய்ந்து விழுந்துவிட்டது. ஆனால் தொப்புள் காயவில்லை. ரோஸ்லின் பஞ்சால் ஒற்றினாள், ஈரம் வந்தது. மறுபடி ஒற்றினாள், மறுபடியும் வந்தது.

"ஏட்டி, சாம்பல் கீம்பல் எதுவும் வச்சியா?"

"இல்லக்கா. நீங்க வைக்கக் கூடாதுன்னு சொன்னியள்லா."

மூன்றாவது முறை ஒற்றுவதற்குள் தொப்புள் குழி நிரம்பி, ஒரு துளி வழிந்து, பிள்ளையின் இடுப்பைச் சுற்றிக்கொண்டு இசக்கித்தாயின் முழங்காலில் விழுந்தது. கங்காணி குனிந்தார். உப்பு நீர் தேக்குகிற தெப்பத்துத் தண்ணீரைத் தொட்டு நாக்கில் வைத்து உப்பு எத்தனை பங்கு என்று சொல்லிச் சொல்லி அவருக்குப் பழகிப்போன விரல் அது. அது அவரைக் கேட்காமலே நீண்டு, துளியைத் தொட்டு, வாய்க்குள் போய்விட்டது. கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

"நல்ல தண்ணி," என்றார். பிறகு ரோஸ்லினைப் பார்த்து, "ஒரு நாளைக்கு எவ்வளவு வரும்?" என்று கேட்டார்.

எங்கள் ஊரான கீழப்பாத்தியில் பிறந்தவர்களுக்கு அந்தக் கேள்வி விசித்திரமாகத் தெரியாது. முப்பத்து நான்கு வீடும் உப்பளத்துக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கின்றன, எந்தப் பக்கம் தோண்டினாலும் கரிக்கிற தண்ணீர்தான் வரும், தண்ணீர் லாரி ஆறு நாளைக்கு ஒரு முறை வரும், வருகிற நாளிலும் டிரைவருக்குத் தலைவலி இருந்தால் வராது. அப்படிப்பட்ட ஊரில் ஒரு பிள்ளையின் தொப்புளில் நல்ல தண்ணீர் ஊறுகிறது என்றால், ஏன் ஊறுகிறது என்று கேட்கிறவன் வெளியூர்க்காரன்.

பதினோராம் நாள் அரை டம்ளர் வந்தது. பன்னிரண்டாம் நாள் ஒரு குடம். பதின்மூன்றாம் நாள் நான்கு. பிள்ளையைச் சேலை மடித்துப் போட்ட பலகையில் ஒருக்களித்துக் கிடத்தி, தொப்புளுக்குக் கீழே பனையோலையைக் கூம்பாக மடித்து வைத்தால், பால் குடித்தபடியே, தூங்கியபடியே, விரலைச் சப்பியபடியே அது தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தது. பதினாறாம் நாள் கணக்கு நாற்பத்தொன்றில் வந்து நின்றது: வீட்டுக்கு ஒன்றாக முப்பத்து நான்கு, கோயிலுக்கு இரண்டு, அங்கன்வாடிக்கு இரண்டு, கங்காணி வீட்டுக்கு மேற்கொண்டு மூன்று. மேற்கொண்டு எதற்கு மூன்று என்று யாரும் கேட்கவில்லை. குடங்களை முதல் நாள் சாயங்காலமே லிங்கதுரை வீட்டிலிருந்து வரிசையாக வைத்துவிடுவார்கள், ஆள் இல்லாவிட்டாலும் குடம் இடத்தைக் காக்கும், வரிசையை எழுதுகிற வேலை எனக்கு.

ஊர் அந்தத் தண்ணீருக்குப் பழகியது. முதலில் சோப்புதான் தொந்தரவு கொடுத்தது. இத்தனை வருஷம் நுரைக்கவே நுரைக்காத சோப்பு, இந்தத் தண்ணீரில் ஒரு தேய்ப்புக்கே பொங்கி, தலையில் நுரையோடு தெருவில் அலைந்த பிள்ளைகளின் எண்ணிக்கை ஒரே நாளில் பதின்மூன்று. பருப்பு சீக்கிரம் வெந்து குழைந்து, குழம்பெல்லாம் பாயசம்போல ஆனது. வயசானவர்கள் நான்கு பேர், தண்ணீர் சப்பென்று இருக்கிறது, தொண்டையில் இறங்குகிற மாதிரியே இல்லை என்று முணுமுணுத்து, யாரும் பார்க்காதபோது செம்பில் ஒரு கல் உப்பைப் போட்டுக் குடித்தார்கள்.

பிள்ளை சிரித்தால் தண்ணீர் கூடுதலாக வரும் என்பதைப் பதினேழாம் நாள் கண்டுபிடித்தார்கள். ஒரு சிரிப்புக்குக் கால் குடம். பதினேழு நாள் பிள்ளை முகம் பார்த்துச் சிரிக்காது என்றாள் ரோஸ்லின். இது சிரித்தது. தூக்கத்தில் பிள்ளைக்கு நரி வந்து விளையாட்டுக் காட்டும், அதனால்தான் சிரிக்கும் என்பது எங்கள் பக்கத்துப் பேச்சு. ஆகவே காலையில் குடம் வைத்தவர்கள் ஒவ்வொருவராக வாசலில் குந்தி நரியாக ஆனார்கள். யார் குரலுக்கும் சிரிக்காத அந்தக் குழந்தை கங்காணி தவசிக்கனியின் குரலுக்குச் சிரித்தது. ஐம்பத்தெட்டு வயது, காதோரம் வரை மீசை, அவர் நடந்து வந்தால் உப்புப் பாத்திக்குள் நிற்கிற பெண்கள் பேச்சை நிறுத்துவார்கள், அந்த மனுஷர் முழங்காலிட்டு, கழுத்தை மேலே தூக்கி, "ஊ... ஊஊ..." என்று ஊளையிடுவார். பிள்ளை பொக்கை வாயைத் திறக்கும். குடம் நிரம்பும்.

"இன்னும் ஒண்ணு விடுங்க கங்காணி, என் குடத்துக்குக் கழுத்து வரைக்கும் வரல்ல."

"தொண்டை கட்டிக்கிட்டுடி. நாளைக்கு."

லிங்கதுரைக்குத்தான் பெரிய மாற்றம். அதுவரை அவனைக் கங்காணி "ஏலே" என்பார், மற்றவர்கள் "லிங்கம்" என்பார்கள். இப்போது எல்லோருக்கும் அவன் "துரை". கங்காணி தன் வீட்டு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து அவன் வாசலில் போட்டார். வேலைக்கு வரவேண்டாம், சம்பளம் நடக்கும் என்றார். லிங்கதுரை கால்மேல் கால் போட்டு உட்கார இரண்டு நாள் பழகினான், மூன்றாம் நாளிலிருந்து இறக்கவில்லை.

இசக்கித்தாய் மட்டும் பிள்ளையைத் தூக்கித் தூக்கிப் பார்த்தாள். பாரம் கூடவில்லை என்றாள். கங்காணி, "பொம்பளப் பிள்ளை அப்படித்தான்" என்றார். இருபதாம் நாள் ரோஸ்லின் வந்து தராசில் தொங்கவிட்டாள். பதினோராம் நாள் இரண்டு கிலோ தொள்ளாயிரம். இருபதாம் நாளும் இரண்டு கிலோ தொள்ளாயிரம்.

"ஒம்பது நாள்ல கால் கிலோவாவது ஏறியிருக்கணும்," என்றாள் ரோஸ்லின். "குடிக்கிற பாலெல்லாம் ஊருக்குப் போகுது. கிளம்பு ஆஸ்பத்திரிக்கு."

ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனவர்கள் ஐந்து பேர்: தாய், பிள்ளை, லிங்கதுரை, ரோஸ்லின், குடை பிடிக்க நான். டாக்டர் மெஹருன்னிசா சின்ன உருவம், மெதுவான பேச்சு. தொப்புளைத் துடைத்துவிட்டு டார்ச் அடித்துப் பார்த்தார். குழிக்குள் மாதுளை முத்து அளவில் சிவப்பாக ஒரு சதை பளபளத்தது. பஞ்சு சுற்றிய குச்சியால் அதைத் தொட்டு, நாலு பக்கமும் நகர்த்தி, நடுவில் துவாரம் இருக்கிறதா என்று தேடினார். வயிற்றை அமுக்கினார். துணி தினமும் எத்தனை முறை நனைகிறது என்று கேட்டார். வழிந்த தண்ணீரை ஒரு காகிதப் பட்டையில் வைத்து நிறம் பார்த்தார், முகர்ந்தார்.

"மூத்திரம் இல்லை. குடல் கசிவும் இல்லை. நல்ல தண்ணி," என்று சீட்டில் எழுதினார். "கொடி விழுந்த இடத்தில் கொஞ்சம் சதை மிஞ்சியிருக்கு. நிறையப் பிள்ளைங்களுக்கு வரும். நீர் கசியும். உங்க பிள்ளைக்குக் கொஞ்சம் அதிகமா கசியுது, அவ்வளவுதான்."

"அதுக்கு மருந்து?"

"உப்பு."

வரிசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். கீழப்பாத்திக்காரிக்கு டாக்டர் உப்பு எழுதிக் கொடுக்கிறார் என்று ஒருத்தி வெளியே போய் இன்னொருத்தியிடம் சொன்னாள்.

"சிரிக்காதீங்க. பொடிச்ச உப்பு ஒரு சிட்டிகை, அந்தச் சதை மேல மட்டும். மேல துணி வச்சு அரை மணி நேரம், அப்புறம் வெதுவெதுப்பான தண்ணியில் கழுவணும். காலை மாலை. ஆறு வேளையில் சுருங்கிக் கறுத்துரும், வழியுறது நிற்கும். நிற்கலைன்னா" என்று பிள்ளையின் வயிற்றில் தொப்புளிலிருந்து கீழே ஒரு கோடு இழுத்தார், "என் கண்ணுக்குத் தெரியாம உள்ளே ஒரு குழாய் மூடாம இருக்குன்னு அர்த்தம். பெரியாஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்து, வயித்தத் திறந்துதான் கட்டணும்."

இசக்கித்தாய் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எங்கள் ஊர்ப் பத்தியம் பற்றிச் சொல்ல வேண்டும். பிள்ளை பெற்றவள் நாற்பத்தொரு நாள் உப்பை நாக்கில் வைக்கக் கூடாது, உப்பள வரப்பையும் மிதிக்கக் கூடாது. அதனால் உப்பு அள்ளிவரப் போனவன் லிங்கதுரை. வழியில் கங்காணி நின்றார்.

"துரை, இருபத்தாறாம் நாள் கோயில் கொடை. முந்நூறு பேருக்குச் சோறு. லாரிய நம்ப முடியாது. கொடை வரைக்கும் பிள்ளை தண்ணி விடட்டுமே. ஆறு நாள் முந்திப் பிந்தி ஆனா தேஞ்சா போயிரும்?"

"டாக்டரம்மா ஆறு வேளைன்னு சொல்லியிருக்காவளே."

"உப்பு வைக்க வேண்டாம்னா சொன்னேன்? ஏதாவது வெள்ளையா வையி. அப்புறம், அந்த நாற்காலிய நீயே வச்சுக்க."

உப்பு அம்பாரத்துக்குப் பின்னால், பாத்தித் தரையிலிருந்து சுரண்டிப் போட்ட ஜிப்சம் குவிந்து கிடக்கும். பொடித்தால் உப்புப் போலவே இருக்கும், கரிக்காது. லிங்கதுரை கொஞ்ச நேரம் இரண்டுக்கும் நடுவில் நின்றான். பிறகு எந்தக் குவியலிலிருந்து கையிலிருந்த டப்பாவை நிரப்பினான் என்று பார்த்தவர்கள் மூன்று பேர். மூவரும் அதை இசக்கித்தாயிடம் சொல்லவில்லை.

ஆறு வேளையும் இசக்கித்தாய் தவறவிடவில்லை. அரை மணி நேரத்தைச் சரியாகப் பார்க்க என் கைக்கடிகாரத்தை வாங்கி வைத்துக்கொண்டாள். துணியை எடுக்கும்போதெல்லாம் தொப்புள் முன்னைப் போலவே சிவந்து, தளும்பி, பனையோலைக்கு நேராக நின்றது. வெளியே கங்காணி ஊளையிட்டார். நாற்பத்தொரு குடமும் நிரம்பியது. அவள் அழுததை நான் பார்த்தது இரண்டு முறை.

இருபத்து மூன்றாம் நாள் மறுபடி அதே ஐந்து பேர் போனோம். டாக்டர் துணியை விலக்கிப் பார்த்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தார்.

"உப்பு வச்சீங்களா?"

"வச்சேன் டாக்டரம்மா. ஆறு தடவ."

"அரை மணி நேரம் முழுசா?"

"கடிகாரத்தப் பாத்து வச்சேன்."

டாக்டர் பெருமூச்சுவிட்டு ஒரு சீட்டை இழுத்தார். "அப்போ உள்ளே குழாய் இருக்கு. நாளைக்கே பெரியாஸ்பத்திரி போங்க. நான் எழுதித் தர்றேன்."

"வயித்தக் கிழிப்பாவளா?"

"சின்னதாத்தான்."

இசக்கித்தாய் தன் வலது கையைத் திருப்பிப் பார்த்தாள். பதினான்கு வயதிலிருந்து உப்பு வாருகிற கை. எங்கள் ஊரில் எல்லாப் பெண்களுக்கும் இருக்கிறதுபோல, பெருவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் மழைக்கு முந்தின நிலம் மாதிரி வெடிப்புகள், அவை ஆறுவதே இல்லை, உப்பு பட்டால் உயிர் போகும். டாக்டர் எழுதிக்கொண்டிருந்தார். இசக்கித்தாய் இரண்டு விரலையும் சேர்த்துச் சிட்டிகை பிடிப்பதுபோலத் தேய்த்துப் பார்த்தாள். இன்னொரு முறை தேய்த்தாள்.

"டாக்டரம்மா, எழுதாதீங்க," என்றாள். "எனக்கு விரல் எரியல."

"என்ன?"

"ஆறு தடவ சிட்டிகை எடுத்தேன். ஒரு தடவ கூட எரியலயே. பிள்ளை கவலையில நானும் கவனிக்கல."

டாக்டர் அவள் கொண்டுவந்திருந்த டப்பாவைத் திறந்து நாக்கு நுனியில் வைத்தார். முகம் சுளித்து ரோஸ்லினிடம் நீட்டினார். ரோஸ்லின் வைத்தாள், துப்பினாள். "இது ஜிப்சம்!"

லிங்கதுரை சுவரில் மாட்டியிருந்த கண் பரிசோதனை அட்டையின் கடைசி வரியைப் படிக்க முயன்றுகொண்டிருந்தான்.

"ஏங்க, இங்க பாருங்க," என்றாள் இசக்கித்தாய்.

"ரெண்டும் வெள்ளையாத்தான இருக்கு..."

"இருவது வருசமா உப்பு வாருத மனுசனுக்கு எது உப்பு எது ஜிப்சம்னு தெரியாதோ?"

"கொடை முடியட்டும்னு கங்காணி சொன்னாரு..."

"கங்காணியா பிள்ளையப் பெத்தாரு? நரி மாதிரி கத்தத்தான அவருக்குத் தெரியும்!"

வரிசையில் இருந்த நோயாளிகள் இருமலை மறந்து சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. என் பக்கம் திரும்பினாள். "நீங்களும் பாத்தியளா பெரியப்பா?"

நான் தரையில் பதித்திருந்த ஓடுகளை எண்ணினேன். நாற்பத்தெட்டு.

டாக்டர் சீட்டை நான்காகக் கிழித்தார். அறை கூட்டுகிற அம்மா மாங்காய்க் கீற்றுக்குத் தொட்டுக்கொள்ளக் காகிதத்தில் உப்பு வைத்திருந்தார், அதிலிருந்து ஒரு சிட்டிகை வந்தது. இசக்கித்தாய் அதை விரலில் எடுத்ததும் துள்ளினாள். "எரியுது!" என்று கத்தினாள். "ஐயோ, எரியுது டாக்டரம்மா!" என்று சிரித்தாள், கண்ணில் நீர் வழிய மாதுளை முத்தின் மேல் அந்தச் சிட்டிகையை வைத்தாள். பிள்ளை ஒரு தடவை உதட்டைப் பிதுக்கிவிட்டுத் தூங்கிப்போனது.

திரும்பி வரும்போது அவள் பத்தியத்தையும் பார்க்காமல், செருப்பைக் கழற்றிவிட்டு வரப்பில் ஏறி, அம்பாரத்திலிருந்து தானே ஒரு டப்பா உப்பு அள்ளிக்கொண்டாள். ஊர் பார்த்துக்கொண்டு நின்றது. யாரும் தடுக்கவில்லை. சாயங்காலத்துக்குள் நடந்ததெல்லாம் எல்லா வீட்டுக்கும் தெரிந்துவிட்டது. வெட்கப்பட்டவர்கள் வரிசையிலிருந்து எடுத்துக்கொண்ட குடம் பதினெட்டு. கங்காணியின் நான்கும் இருந்த இடத்தில் இருந்தன.

அவர் மறுநாள் காலையில் வாசலுக்கு வந்தார். நாற்காலி அங்கேதான் இருந்தது, ஆனால் அதில் பிள்ளையின் துணிகள் காய்ந்துகொண்டிருந்தன. லிங்கதுரை பாத்தியில் உப்பு வாரப் போயிருந்தான்.

"ஊருக்கே தாகம் இசக்கி. கொடைக்கு இன்னும் ரெண்டு நாள். நெசமாவே தண்ணி இல்லட்டி."

"இல்லதான். எனக்குத் தெரியாதா? வாரது வரட்டும், பிடிச்சுக்கிடுங்க. ஆனா இங்க ஊளை விடக் கூடாது. விடணும்னா லாரி அனுப்புற ஆபீசு வாசல்ல போயி விடுங்க."

அவர் போனாரா என்று எனக்குத் தெரியாது. கொடையன்று விடிந்ததும் மூன்று லாரி வந்தது, டிரைவர்கள் மூன்று பேரும் அவரைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள், அதுதான் எனக்குத் தெரியும்.

தண்ணீர் குறைந்தது. இருபத்து நான்காம் நாள் குடங்கள் இருபத்து மூன்றும் நிரம்பின, அதற்குமேல் பனையோலை காய்ந்தது. இருபத்தைந்தாம் நாள் பதினாறு. அந்தச் சதை முதலில் வெளுத்து, பிறகு சுருங்கி, மிளகுபோலக் கறுத்தது. கொடையன்று காலையில் லாரி வந்த பிறகும் ஆசை விடாமல் அதே இருபத்து மூன்று குடமும் வரிசையில் இருந்தன. ஒன்பதாவது குடம் நிரம்பி, பத்தாவதை வைத்தபோது ஓலையிலிருந்து ஒரு துளி தொங்கியது, தொங்கியபடியே நின்றது, விழவில்லை. ரோஸ்லின் பஞ்சால் ஒற்றினாள். பஞ்சு காய்ந்திருந்தது. மிளகு அவள் பஞ்சோடு உதிர்ந்து வந்தது. அதற்குக் கீழே எல்லோருக்கும் இருப்பதுபோல ஒரு தொப்புள்.

பத்தாவது குடம் கங்காணியுடையது. கொடைக்காகச் சலவை வேட்டி கட்டியிருந்தார். தாங்கமாட்டாமல் பிள்ளையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, இசக்கித்தாய் பார்க்கப் பார்க்க, கழுத்தைத் தூக்கி, "ஊ..." என்றார்.

பிள்ளை சிரித்தது. கங்காணி தொப்புளையே பார்த்தார். அங்கே ஒன்றும் வரவில்லை. ஆனால் வேட்டி நனைந்தது, மடியிலிருந்து முழங்கால் வரை வெதுவெதுப்பாக நனைந்தது. அவருடைய விரல் பழக்கத்தில் நீண்டு, ஈரத்தைத் தொட்டு, யாரும் தடுப்பதற்குள் வாய்க்குப் போய்விட்டது.

"உப்பு!" என்றார்.

"இதுதான் சரியான வழி," என்று சொல்லி ரோஸ்லின் பிள்ளையை வாங்கித் தராசில் தொங்கவிட்டாள். சரியாக மூன்று கிலோ. இசக்கித்தாய் முள்ளை இரண்டு முறை பார்த்தாள். பிறகு பிள்ளையை மார்போடு சேர்த்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

வாசலில் உட்கார்ந்து நான் நோட்டைத் திறந்து அன்றைய கணக்கை எழுதினேன். வரிசையில் வைத்த குடம் இருபத்து மூன்று. நிரம்பியது ஒன்பது. மிச்சம் காலிக் குடம் பதினான்கு. அதில் ஒன்று என்னுடையது.